ஒன்பது சின்னச் சொற்களும் எங்கள் மரியாதையும்

ஆங்கிலம் என்றதும் எங்களில் பலர் பெரிய சொற்களுக்கே பயப்படுகிறோம். அகராதியைப் புரட்டி, நீளமான சொற்களைக் கொப்பியில் எழுதி மனனம் செய்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் பேசும்போதும் எழுதும்போதும் எங்களைத் தடுமாற வைப்பவை சின்னச் சொற்கள்தான் என்பது என் கருத்து. கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்பனவே அந்த ஒன்பது சொற்கள். இலக்கணப் புத்தகங்கள் இவற்றை 'மொடல் வேர்ப்ஸ்' என்கின்றன. ஒரு செயலைச் செய்ய இயலுமா, அதற்கு அனுமதி உண்டா, அது கடமையா, நடக்கக்கூடியதா என்பதையெல்லாம் சொல்லும் துணைவினைகள் இவை.

இவற்றை நாங்கள் ஓர் அட்டவணையாகவே படித்தோம். கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், ஷுட் என்றால் வேண்டும், மஸ்ட் என்றால் கட்டாயம் வேண்டும். இவற்றோடு 'எஸ்' சேராது, பின்னால் 'டு' வராது, இரண்டு ஒன்றாக வராது என்ற விதிகளையும் படித்தோம். பரீட்சையில் இடைவெளி நிரப்ப இவ்வளவும் போதும். ஒரு மனிதரோடு பேசுவதற்குப் போதாது.

எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு 'ஏ' எடுத்தவர். பயிற்சிநெறி ஒன்றுக்குத் தெரிவாகி, அனுமதிக் கடிதம் கேட்டு மின்னஞ்சல் எழுதினார். 'வெள்ளிக்கிழமைக்கு முன்னர் கடிதத்தை அனுப்பி உதவ வேண்டும்' என்பதே அவர் மனதில் இருந்த வசனம். 'வேண்டும்' என்பதற்கு அட்டவணையில் இருந்த சொல்லைப் போட்டு, 'யூ மஸ்ட் சென்ட் மீ த லெட்டர்' என்று எழுதினார். கடிதம் தயாரானதும் அறிவிப்போம் என்று ஒற்றை வரியில் முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்தது. தான் என்ன பிழை செய்தேன் என்பதே ராத்தாவுக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் எழுத வேண்டிய எல்லாவற்றையும் தன் நானாவிடம் கொடுத்துவிடுகிறார்.

அந்த வசனத்தில் எழுத்துப்பிழையோ இலக்கணப் பிழையோ இல்லை. ஆனால் அது ஒரு கட்டளை. தமிழில் அது கட்டளையாக ஒலிக்காமல் காப்பாற்றியது 'அனுப்பி உதவ' என்ற பணிவு. 'நீங்கள்' என்ற சொல்லிலும், 'வாங்க', 'இருங்க' என்ற வினைமுடிவிலும் தமிழ் மரியாதையை வைத்திருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் உம்மாவுக்கும் அதிபருக்கும் தங்கச்சிக்கும் ஒரே 'யூ'தான். முன்னொரு காலத்தில் அங்கும் 'நீ' என்பதற்குத் 'தௌ' என்ற தனிச்சொல் இருந்தது. பேச்சு வழக்கில் அது மறைந்துபோனது. ஆகவே நாங்கள் 'நீங்கள்' என்பதில் வைக்கும் மரியாதையில் பெரும்பங்கை ஆங்கிலத்தில் குட், வுட், மே ஆகிய சொற்கள்தான் சுமக்கின்றன. 'குட் யூ ப்ளீஸ் சென்ட் மீ த லெட்டர்' என்று எழுதியிருந்தால் ராத்தாவின் பணிவும் கடிதத்தோடு போய்ச் சேர்ந்திருக்கும். குட் என்பது கேன் என்பதன் இறந்தகால வடிவம். இன்றைய வேண்டுகோளுக்கு அதைப் பயன்படுத்தும்போது பேசுபவர் ஓர் அடி பின்னால் நின்று கேட்பதுபோல் இருக்கும். மறுமொழி சொல்பவருக்கு 'இல்லை' என்று சொல்லவும் இடம் கிடைக்கும்.

அப்படியானால் மஸ்ட் என்பது மரியாதையில்லாத சொல்லா? அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் வட்டிலப்பத்தை நீட்டி, 'யூ மஸ்ட் டேஸ்ட் திஸ்' என்றால் அது அன்பு. கல்யாண வீட்டுக்கு அழைக்கும்போது 'கட்டாயம் வரணும்' என்று நாங்கள் சொல்வதும் இதே போன்றதுதான். கேட்பவருக்கு நன்மை என்றால் மஸ்ட் உபசரிப்பாகிறது. சொல்பவருக்கு நன்மை என்றால் அதே சொல் அதிகாரமாகிறது. யார், யாரிடம், யாருக்காகச் சொல்கிறார் என்ற இந்தக் கேள்விக்கு அட்டவணையில் இடமே இல்லை.

எங்கள் 'ஏலும்', 'ஏலாது' என்ற சொற்களையும் பாருங்கள். 'எனக்கு நீந்த ஏலாது' என்றால் திறமை இல்லை. 'இந்த நேரத்தில் வெளியே போக ஏலாது' என்றால் அனுமதி இல்லை. 'உம்மாவுக்கு ஏலாது' என்றால் அவருக்குச் சுகமில்லை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இடத்துக்கு ஏற்ப விளங்கிக்கொள்கிறோம். தங்கச்சி கோபத்தில் 'முடியாது' என்று கத்தினால் அவளுக்குச் சக்தி இல்லை என்று யாரும் நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் சக்தி இல்லாவிட்டால் 'ஐ கான்ட்', விருப்பம் இல்லாவிட்டால் 'ஐ வோன்ட்'. உதவி கேட்டு வந்தவரிடம் இயலாமையைச் சொல்ல நினைத்து 'ஐ வோன்ட்' என்றால் அவர் மனம் நோகத்தான் செய்யும்.

இவ்வளவு நுணுக்கம் எங்களுக்கு வராது என்று பயப்படத் தேவையில்லை. இஸ்லாம் பாடத்தில் சின்ன வயதிலேயே செயல்களை ஐந்து படிகளாகப் பிரித்துப் படித்தவர்கள் நாங்கள். பர்ளு, சுன்னத்து, முபாஹ், மக்ரூஹ், ஹராம் ஆகிய ஐந்துக்கும் பொதுவான கருத்தில் மஸ்ட், ஷுட், மே, ஷுட் நொட், மஸ்ட் நொட் என்று வரிசையாகப் பொருத்திப் பாருங்கள். மார்க்கச் சட்டம் சொல்வதற்காக அல்ல, மொழியை விளங்கிக்கொள்வதற்காகவே இதைச் சொல்கிறேன். செய்தே ஆக வேண்டியதற்கும் செய்தால் நல்லது என்பதற்கும் உள்ள தூரம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பலரும் தடுமாறும் இன்னொரு இடத்தையும் இதைக் கொண்டே தெளிவாக்கலாம். ரமழானில் பயணி நோன்பை விடலாம், பிறகு கழாச் செய்ய வேண்டும். அவர் அன்று நோன்பு நோற்க வேண்டியதில்லை. இது 'டோன்ட் ஹேவ் டு'. பெருநாளன்று நோன்பு நோற்பது ஹராம். இது 'மஸ்ட் நொட்'. தமிழில் 'வேண்டாம்' என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் போகக்கூடியது. ஆனால் மருந்துப் போத்தலில் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்து வாசித்தால் ஆபத்து. உணவோடு எடுக்கத் தேவையில்லை என்பதும் உணவோடு எடுக்கவே கூடாது என்பதும் ஒன்றல்ல.

இந்தச் சொற்கள் நேர்மையோடும் தொடர்புடையவை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. 'வாப்பாவாத்தான் இருக்கும்' என்றால் 'மஸ்ட் பி'. 'வாப்பாவாக இருக்கலாம்' என்றால் 'மைட் பி'. 'வாப்பா வந்துவிட்டார்' என்றால் அது செய்தி. எங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்கு மட்டுமே பொறுப்பேற்கும் ஒழுங்கு இது. 'அவள் அப்படிச் சொல்லியிருக்கலாம்' என்பது வட்ஸ்அப்பில் நாலு பேரைக் கடந்ததும் 'அவள் அப்படிச் சொன்னாள்' என்று மாறிவிடுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒரு 'லாம்' தொலைந்தால் ஒரு பெண்ணின் நற்பெயரும் தொலையலாம்.

பழைய ஆங்கிலத்தில் இவற்றின் வேர்களைத் தேடினால், கேன் என்பதற்கு அறிந்திருத்தல், வில் என்பதற்கு விரும்புதல், ஷல் என்பதற்குக் கடன்பட்டிருத்தல் என்ற பொருள்கள் கிடைக்கின்றன. தமிழிலும் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு. எங்கள் நாட்டின் அரசியலமைப்பில் 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஆக்கியது. அந்த உறுப்புரைகளின் ஆங்கில வாசகத்தில் நிற்பது 'ஷல்' என்ற சொல்தான். அங்கே அது எதிர்காலத்தைச் சொல்லவில்லை, கடப்பாட்டைச் சொல்கிறது. ஆங்கிலம் எங்களுக்கு இணைப்பு மொழி என்றால், அதன் மரியாதைச் சொற்களைத் தெரியாமல் யாரோடு எப்படி இணைவது?

பேசப் பேச எல்லாம் தானாக வரும், இலக்கணம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். முதலில் பேச வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். காலம் பிழைத்தாலும், சொல் தடுமாறினாலும், 'குட் யூ' என்று தொடங்கும் பெண்ணுக்கு எவரும் உதவுவார்கள். பிழையே இல்லாத ஒரு கட்டளைக்கு அந்த உதவி கிடைக்காது. அதனால்தான் இந்த ஒன்பது சொற்களையும் இலக்கணமாக மட்டும் பார்க்காமல் பழக்கவழக்கமாகவும் பழக வேண்டும் என்கிறேன்.

எமது ஆசிரியைகளிடம் எனது பணிவான வேண்டுகோள் ஒன்று. இடைவெளி நிரப்பும் பயிற்சியோடு, யார் யாரிடம் பேசுகிறார் என்று வகுப்பில் நடித்துப் பார்க்கவும் சிறிது நேரம் தாருங்கள். சகோதரிகளே, உயர்தரத்தில் பொது ஆங்கிலத்தின் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குச் சேராது என்பதற்காக அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடாதீர்கள். பெற்றோர்களே, மாதாமாதம் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குக் காசு கட்டுகிறீர்கள். ஆனால் வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேச வேண்டி வந்தால் வாப்பாவோ நானாவோ முன்னால் வந்துவிடுகிறார்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், உங்கள் மகள் பேசட்டும். கேட்டுப் பழகாத பிள்ளைக்குக் கேட்கும் சொல் எப்படி வரும்?

இன்று உங்கள் வீட்டில் பேசப்படும் ஒரு 'ஏலும்', ஒரு 'வேணும்', ஒரு 'லாம்' ஆகியவற்றைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவற்றை யார் யாரிடம் சொன்னார் என்று பார்த்து, ஆங்கிலத்தில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் தமிழில் எவ்வளவு பணிவாகப் பேசுகிறார்களோ, அதே பணிவோடு ஆங்கிலத்திலும் பேச அவர்களுக்கு ஏலும், இன்ஷா அல்லாஹ்.