கீமோவுக்கு அப்புறம் கால் எரியுதா? சத்து மாத்திரை போதாது

தாம்பரத்தில் ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அடுத்த கீமோவுக்கு முன் டாக்டரிடம் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு: விரல் மரத்துப்போகிறதா என்பது. பேக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் நரம்பையும் தாக்கும். சட்டை பட்டன் போட வராது, செருப்பு நழுவினாலும் தெரியாது. அப்புறம் எரிச்சல்.

வீட்டில் உடனே பி காம்ப்ளெக்ஸ் வாங்கிக் கொடுப்பார்கள். அது இந்த வலியைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் பரிந்துரைக்கும் ஒரே மாத்திரை டுலாக்செடின். அதன் பலனும் ஓரளவுதான். மனச்சோர்வுக்கும் தருவது என்பதால் ‘எனக்கென்ன மனநோயா?’ என்று பதற வேண்டாம், வலியைக் கடத்தும் நரம்புப் பாதையிலும் அது வேலை செய்யும்.

வராமல் தடுக்க நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. ‘சொன்னா கீமோவை நிறுத்திடுவாங்களோ’ என்று மறைப்பதுதான் ஆபத்து. முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் டோஸைக் குறைக்கலாம், தள்ளிப்போடலாம், மருந்தையே மாற்றலாம்.