போலி என்று எறிந்தோமே, அது யாருடைய வரலாறு?



இந்தப் பதிவை எழுத இரண்டு வாரம் தயங்கினேன். வாசிப்பு, கட்டுரை, இலக்கணம் என்று எழுதி வந்தவன் திடீரென்று வீடியோ விளையாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதினால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளித்தாலும் பரவாயில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருக்கிறான். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் நகராத கை அவனுடையது. அந்தக் கை ஒருநாள் பதினொரு பக்கம் நிறைந்த நோட்டுப் புத்தகம் ஒன்றை என் மேசையில் வைத்தது. மூன்று விளையாட்டுக் கருவிகளை அவன் ஒப்பிட்டிருந்தான். ஒன்று, பழைய கருவிகளைச் சேர்க்கும் அவன் தாய்மாமாவிடம் உள்ள ஜப்பானிய ஃபேமிகாம். இன்னொன்று, அவன் சித்தப்பா தோட்டத்து லயத்து வீட்டில் விளையாடிய மைக்ரோ ஜீனியஸ். மூன்றாவது, சென்ற ஆண்டு இரவுச் சந்தையில் வாங்கிய மலிவுப் பெட்டி. வெளித்தோற்றம், பொத்தான், மின்சாரம், உள்ளே தெரியும் சில்லுகளின் எண் எனக் கோடு போட்டுப் பிரித்து எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் ஏராளம். ஆனால், கண்ணால் காணாத ஒன்றைக்கூட அவன் எழுதவில்லை.

ஆசிரியர் அறையில் அதைப் புரட்டிய நண்பர் ஒருவர் சிரித்தார். “ஒரு ஒரிஜினல், ரெண்டு போலி. இதில் என்ன ஆய்வு வேண்டிக் கிடக்கு?” என்றார். பையனின் தந்தையும் என்னைச் சந்தித்தபோது, “எல்லாம் டூப்ளிகேட் சாமான் சார். தோட்டத்தை விட்டு வீடு மாறினப்பவே தூக்கிப் போட்டிருக்கணும்” என்றார். இரண்டு இடத்திலும் நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம், பழைய பொருள் வாங்கும் லாரியில் சித்தப்பாவின் மைக்ரோ ஜீனியஸ் போய்விட்டது. நோட்டுப் புத்தகம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். ‘போலி’ என்று சொல்லிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

‘ஒரிஜினல்’ என்பது எது?

முதலில் அந்த ஒரிஜினலையே எடுத்துக்கொள்வோம். நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாமை 1983 சூலை 15-ஆம் நாள் ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வெளியிட்டது. அதன் வன்பொருளை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் 2021-இல் மறைந்த பொறியாளர் மசாயுகி உவேமுரா. தொடக்கத்தில் வந்த பெட்டிகளின் பொத்தான்கள் சதுர வடிவில், ரப்பரால் ஆனவை. ஓரத்தில் அழுத்தினால் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆகவே, பின்னர் வட்ட வடிவ நெகிழிப் பொத்தான்களாக மாற்றினார்கள். முதல் தொகுதிப் பெட்டிகளில் சுற்றுப்பலகையில் கோளாறு தோன்றவே, திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தார்கள்.

பழைய ஃபேமிகாமின் இரண்டாவது கைப்பிடியில் ஒலிவாங்கி உண்டு. கைப்பிடிகளைக் கழற்ற முடியாது. படம் ஆன்டெனா வழியாகத்தான் தொலைக்காட்சிக்குப் போகும். 1993 திசம்பரில் வந்த மறுபதிப்பில் ஒலிவாங்கி இல்லை, கைப்பிடிகளைக் கழற்றலாம், காணொளிக் கம்பியை நேராகச் செருகலாம். ஒரே பெயர், ஒரே விளையாட்டுகள்... ஆனால், ஒரே கருவியா? ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு தவறோ, ஒரு புகாரோ, ஒரு செலவுக் கணக்கோ இருக்கிறது. அதைத்தான் அந்தச் சிறுவன் தேடினான். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றோம் நாம். ‘இல்லை, பாருங்கள்’ என்றான் அவன். யார் ஆசிரியர், யார் மாணவர்?

நம் வீட்டில் ஓடியது எது?

இனி நம் மைக்ரோ ஜீனியசுக்கு வருவோம். தைவானின் டி.எக்ஸ்.சி. நிறுவனம் அந்தப் பெயரில் விற்ற ஃபேமிகாம் நகல் அது. என் வயதுக்காரர்கள் பலருக்கு ‘நிண்டெண்டோ’ என்ற பெயரே பின்னாளில்தான் தெரிந்தது. எங்களுக்கு அந்த வகைப் பெட்டி எல்லாமே மைக்ரோ ஜீனியஸ்தான்; உள்ளே செருகுவது ‘கேசட்’.

அதை ஏமாற்றுப் பொருள் என்று மட்டும் சொல்லி முடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியத் தொலைக்காட்சி அன்று என்.டி.எஸ்.சி. முறையில் இயங்கியது, நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும். மலேசியத் தொலைக்காட்சி பால் முறையில் இயங்கியது. நொடிக்கு 50 முறை. ஜப்பானியக் கடையில் வாங்கிய ஃபேமிகாமைக் கொண்டுவந்து அன்றைய தோட்டத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பொருத்தினால் அலைவரிசையும் பொருந்தாது, வண்ணமும் பொருந்தாது. அதன் மின்மாற்றி 100 வோல்ட்டுக்கு உரியது. நம் 240 வோல்ட்டில் நேராகச் செருகினால் அதன் கதை அன்றோடு முடிந்தது.

பால் முறை நாடுகளுக்காகச் செய்யப்பட்ட நகல்கள் பலவற்றில், தைவானின் யூ.எம்.சி. நிறுவனம் தயாரித்த யூ.ஏ.6527பி, யூ.ஏ.6538 என்னும் சில்லுகள் இருந்தன. இவை வெறும் ஈயடிச்சான் நகல் அல்ல. ஜப்பானிய விளையாட்டு, 50 முறை புதுப்பிக்கும் திரையிலும் குழம்பாமல் ஓடும்படி நேரக்கணக்கை மாற்றி அமைத்திருந்தார்கள். விளைவு என்ன? ஜப்பானில் 10 நொடியில் ஓடி முடிக்கும் ஓட்டத்தை நம் பிள்ளைகள் 12 நொடியில் ஓடினார்கள். இசையின் சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்க, தாளம் மட்டும் மெதுவாகும். சில நகல்களில் ஒலியலையின் வடிவங்கள் இரண்டு இடம் மாறி, அதே மெட்டு வேறு குரலில் கேட்கும்.

60க்கு 50, அதாவது 6க்கு 5. ஆரம்பப் பள்ளிக் கணிதத்தில் விகிதம் கற்பிக்க இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இப்போது நியாயமாகச் சொல்லுங்கள். நம் வீட்டுத் தொலைக்காட்சியில், நம் மின்சாரத்தில், நம் வருமானத்துக்குள் ஓடியது எது? அந்த ‘போலி’தான். ரசியாவில் 1992 முதல் ‘டெண்டி’ என்ற பெயரிலும், போலந்தில் ‘பெகாசஸ்’ என்ற பெயரிலும் இதே மைக்ரோ ஜீனியஸ் குடும்பப் பெட்டிகள்தாம் விற்றன. அங்கெல்லாம் அவற்றைத் தங்கள் தலைமுறையின் வரலாறாகச் சேர்த்து, பதிப்பு வாரியாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். நாமோ லாரியில் ஏற்றுகிறோம்.

நான் திருட்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அந்த ‘64 விளையாட்டு’ கேசட்டுகள் பெரும்பாலும் அனுமதியின்றி நகலெடுத்தவை; உழைத்தவர்களுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால், குற்றத்தைப் பதிவு செய்வது வேறு. தடயத்தையே அழிப்பது வேறு.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு சொல்

என் சினம் பெற்றோரிடம் மட்டுமன்று. பழைய கருவிகளைச் சேர்க்கும் அன்பர்களே, உங்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. திறக்காத அட்டைப்பெட்டிக்கு விலை வைக்கத் தெரிந்த உங்களில் பலர், திறந்து விளையாடித் தேய்ந்த பெட்டிக்கு மதிப்பு வைப்பதில்லை. மஞ்சளித்த கூட்டை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெளுக்க வைக்கிறீர்கள். இரண்டு உடைந்த பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, ‘அசல்’ என்று விற்பவரும் உண்டு. பிறகு எந்தச் சுற்றுப்பலகை எந்தக் கூட்டுக்கு உரியது என்று யார் சொல்வது? வரிசை எண்ணைக் குறிக்காமல், மாற்றியதைச் சொல்லாமல் அழகுபடுத்துவது சேகரிப்பு ஆகாது. அது கடை அலங்காரம்.

உ.வே.சாமிநாதையரை நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிறோம். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க அவர் என்ன செய்தார்? அழகான ஒரே ஓர் ஏட்டைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை எறிந்துவிட்டாரா? பல ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாட வேறுபாடுகளை ஆராய்ந்தார். பிழையுள்ள ஏடுகூட, பிழை எப்படிப் பரவியது என்று காட்டும் சான்றாகும். சீவக சிந்தாமணியையும் மைக்ரோ ஜீனியசையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டா. பொருள் வேறு, முறை ஒன்று. ஒப்பிடு, வேறுபாட்டைக் குறி, காரணம் தேடு, எதையும் எறிவதற்கு முன் எழுதி வை.

ஆசிரியர்களே, நம் கதை என்ன?

உயர்நிலைச் சிந்தனை வேண்டும் என்கிறோம். இரட்டிப்புக் குமிழி வரைபடம் வரையச் சொல்கிறோம். எதை ஒப்பிடச் சொல்கிறோம்? பூனையையும் நாயையும்! ஆண்டுதோறும் அதே பூனை, அதே நாய். பிள்ளை தானாகவே தேடிப்போய் மூன்று பொருள்களை ஒப்பிட்டு வந்தால், ‘விளையாட்டுச் சாமான்’ என்று சிரிக்கிறோம். பயிற்சிக் கழகத்தில் ‘மாணவனின் பட்டறிவிலிருந்து பாடத்தைத் தொடங்கு’ என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோமே, அது வெறும் விடைதானா?

பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘விளையாட்டில் மூழ்கிவிடுவான்’ என்பீர்கள். நாளெல்லாம் கைப்பேசித் திரையைத் தேய்க்கும் பிள்ளையையும், திருப்புளியும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்கும் பிள்ளையையும் ஒன்றாக எண்ணாதீர்கள். முன்னவனுக்குத் தடை வேண்டும். பின்னவனுக்குத் துணை வேண்டும். ‘காசு கரையும்’ என்பீர்கள். வாங்கிக் குவிக்கச் சொல்லவில்லை. வீட்டில் இருப்பதை எறியாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அவனுடைய இரவுச் சந்தைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கறுப்புப் பொட்டு மட்டுமே தெரியும். முன்பு தனித்தனிச் சில்லுகள் செய்த வேலையை ஒரே சில்லில் அடக்கி, மேலே கறுப்புப் பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். பெயர் இல்லை, எண் இல்லை. அந்த நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவன் எழுதியிருந்தான்: “இதில் படிக்க ஒன்றும் இல்லை.” சித்தப்பாவின் பெட்டியில் படிக்க இருந்தது. அதைத்தான் நாம் விற்றோம்.

புஞ்சாக் ஆலாமில் நாம் இன்று குடியிருக்கும் வீடுகளைச் சுற்றி ஒருகாலத்தில் தோட்டங்கள் இருந்தன. புக்கிட் செராக்காவிலும் ஈஜோக்கிலும் பத்தாங் பெர்சுந்தையிலும் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். பத்தாங் பெர்சுந்தை என்ற பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. லயம் போயிற்று, பால்மரம் போயிற்று. தாத்தாவின் பால்வெட்டும் கத்தியையும் பாட்டியின் அம்மியையும் கண்காட்சிக்கு வைக்கிறோம், நல்லது. ஆனால், தோட்டத்தில் கடைசியாக வளர்ந்த தலைமுறை நாம்தான். நம் பங்குக்கு எதை வைக்கப் போகிறோம்?

ஆகவே ஒரு வேண்டுகோள். பரணில், கட்டிலுக்கு அடியில் பழைய பெட்டி இருந்தால் எடுங்கள். மின்சாரத்தில் செருகாதீர்கள், பழைய மின்மாற்றியின் வோல்ட்டையும் நேர், எதிர் முனைகளையும் அறிந்தவரைக் கொண்டு முதலில் சரிபாருங்கள். பிள்ளையை அருகில் உட்கார வைத்து மாதிரி எண்ணை எழுதச் சொல்லுங்கள். எங்கே வாங்கியது, என்ன விலை, யார் யார் விளையாடினார்கள் என்று அப்பாவோ சித்தப்பாவோ அத்தையோ சொல்ல, பிள்ளை எழுதட்டும். அது ஒரு கட்டுரை. அது ஒரு குடும்ப வரலாறு. அது ஓர் அறிவியல் பாடமும்கூட.

அந்த நோட்டுப் புத்தகத்தை நாளை அவனிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி வைத்துவிட்டேன். அது என் கடமை. கடைசிப் பக்கத்துக்குக் கீழே, அன்று அவன் தந்தையிடமும் என் நண்பரிடமும் நான் சொல்லியிருக்க வேண்டியதை எழுதியிருக்கிறேன்: “நீ சொன்னது சரி. மூன்றும் ஒன்றல்ல.”