கியர் மாற்ற பேட்டரியா? ரூ.1½ லட்சம் தண்டமா, லாபமா?

காலால் மிதிக்கிற சைக்கிளுக்கு பேட்டரி எதற்கு? சக்கரம் சுற்றவா? இல்லை. கியர் மாற்ற!

மோட்டார் வைத்த சைக்கிளைச் சொல்லவில்லை. அது தனிக் கதை. இது மிதித்தால்தான் ஓடும் மலை சைக்கிள். பாறை, சேறு, மரத்து வேர் என்று எதன் மேலும் ஏறி இறங்கும் ரகம். தடித்த டயர். குலுக்கலைத் தாங்க ஸ்பிரிங்.

இதில் கியர் மாற்றுவதற்கு ஒரு மெல்லிய எஃகுக் கம்பி உண்டு. கட்டை விரலால் லீவரைத் தள்ளினால் கம்பி இழுபடும். பின் சக்கரத்தோரம் தொங்குகிற 'டீரெய்லர்' என்ற சாமான் நகரும். செயின் ஒரு பல்சக்கரத்தில் இருந்து பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தாவும். சங்கதி அவ்வளவுதான்.

இப்போது கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். பட்டன் வந்துவிட்டது. பட்டனைத் தொட்டால் ரேடியோ அலையில் உத்தரவு போகிறது. டீரெய்லருக்குள் இருக்கிற குட்டி மோட்டார் வேலையை முடித்துவிடுகிறது.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது.

விலை என்ன?

அமெரிக்காவில் சிகாகோ நகரில் 'ஸ்ராம்' என்று ஒரு கம்பெனி. 1987ல் தொடங்கியது. மலை சைக்கிளுக்கு கம்பியே இல்லாத கியரை 2019 பிப்ரவரியில் இறக்கியது. பெயர் ஈகிள் ஏ.எக்ஸ்.எஸ். உயர்ந்த ரகம் முழு செட் விலை 2,000 டாலர். இன்றைய நம் கணக்கில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கும் மேலே!

சைக்கிள் விலை என்று நினைத்துவிடாதீர்கள். கியர் சாமான் மட்டும். பிரேக் கூட இதில் சேர்த்தி இல்லை.

2021ல் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். ஜி.எக்ஸ். என்ற ரகத்தில் டீரெய்லர், பட்டன், பேட்டரி, சார்ஜர் நான்கும் சேர்த்து 600 டாலர் என்றார்கள். அந்தக் கம்பெனியின் 12 கியர் செட்டை ஏற்கனவே வைத்திருப்பவர் இதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

இந்தப் பக்கம் ஜப்பான். சக்காய் நகரத்து ஷிமானோ கம்பெனி 1921 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. அவர்களுடைய டியோர் ரகத்தில் கம்பியால் இழுக்கும் 12 கியர் டீரெய்லர் 2020ல் வந்தது. 100 டாலருக்கும் கீழே. அதுவும் மலை ஏறும். அதுவும் 12 பல்சக்கரத்துக்குத் தாவும்.

ஆக, பட்டன் வேண்டுமானால் பல மடங்கு காசு. கொடுக்கிற காசுக்கு வருகிற சுகம் எவ்வளவு? அதைத்தான் பார்க்க வேண்டும்.

கம்பி செய்த குற்றம்

கம்பி மேல் புகார் இல்லாமல் இல்லை. புதுக் கம்பி ஓட ஓடத் தளரும். அதன் உறைக்குள் சேறும் தண்ணீரும் புகுந்தால் கம்பி நகர மறுக்கும். அப்போது கியர் பாதியில் நின்று கடகடவென்று கத்தும். ஏற்றத்தில் இப்படி நடந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இப்போதைய சைக்கிள்களில் கம்பியைச் சட்டத்துக்குள்ளேயே நுழைத்து ஓட்டுகிறார்கள். பார்க்க அழகு. மாற்றுகிற மெக்கானிக்குக்குத்தான் அவஸ்தை.

பட்டன் கியரில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் மழை, சேறு எதற்கும் அது அசையாது. பாறையில் இடித்தால் ஸ்ராம் டீரெய்லர் தானாகவே உள்ளே ஒதுங்கி, மறுபடி பழைய இடத்துக்கு வந்து நிற்கும். மெச்ச வேண்டிய வேலை.

பேட்டரி தீர்ந்தால் நடுக்காட்டில் நிற்க வேண்டாமா? இப்படித்தான் பலரும் முதலில் பயப்படுகிறார்கள். இந்தப் பயம் கொஞ்சம் அதிகம். டீரெய்லர் பேட்டரி ஒரு தீப்பெட்டி அளவுதான். எடை 25 கிராம். ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டால் 20 மணி நேர ஓட்டத்துக்கு வரும் என்று கம்பெனி சொல்கிறது. தீரப்போகும்போது சிவப்பு விளக்கு எரியும். பட்டனுக்குள் இருக்கும் வில்லை பேட்டரி இரண்டு வருஷம் வரைக்கும் தாங்குமாம். உபரி பேட்டரி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் தீர்ந்தது கவலை. செல்போனுக்கு சார்ஜ் போட மறக்காதவன் இதற்கும் மறக்க மாட்டான்.

என் சண்டை பேட்டரியோடு இல்லை. காசோடுதான்.

வேகமா? அட போங்கய்யா!

எலெக்ட்ரானிக் என்றதும் மின்னல் வேகம் என்று நினைக்கிறோம். கடைக்காரரும் அப்படித்தான் விற்கிறார்.

2023 மார்ச்சில் ஸ்ராம் கம்பெனி 'டிரான்ஸ்மிஷன்' என்று புது செட் விட்டது. அதில் பட்டனைத் தட்டியவுடன் செயின் குதித்துவிடாது. பல்சக்கரத்தில் தாவுவதற்கென்று செதுக்கிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்கும். அப்புறம்தான் மாறும். மூச்சைப் பிடித்து மிதித்துக்கொண்டே மாற்றினாலும் செயின் முரண்டு பிடிக்காது. அது பெரிய சௌகரியம். ஆனால் வேகத்தில் நல்ல கம்பி கியர் இதற்கு முன்னால் ஓடிவிடும். ஓட்டிப் பார்த்துப் பலரும் சொன்ன குறையே இதுதான்.

டிரான்ஸ்மிஷனின் உண்மையான விசேஷம் வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கமாக டீரெய்லரைச் சட்டத்தோடு நேராக மாட்ட மாட்டார்கள். நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று இருக்கும். சைக்கிள் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். கொஞ்சம் வளைந்தாலும் கியர் சொன்னபடி கேட்காது. பாதிப் பேர் "கம்பி சரியில்லை" என்று திட்டுவது இந்தத் தகடு வளைந்ததற்குத்தான்! பாவம், கம்பி. எவனோ திருட எவனுக்கோ அடி.

டிரான்ஸ்மிஷனில் அந்தத் தகடே இல்லை. டீரெய்லரைச் சக்கர அச்சோடு சேர்த்துச் சட்டத்திலேயே பிடித்து முறுக்கிவிட்டார்கள். அதன் மேல் ஆளே ஏறி நின்று காட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை!

அப்படியானால் கியர் ஒழுங்காக மாறுவதற்குக் காரணம் பேட்டரி மட்டும்தானா? பாதிப் புகழ் அந்த முறுக்குக்குச் சேர வேண்டாமா?

இதற்கு அந்தக் கம்பெனியே பதில் சொல்லிவிட்டது. 2025ல் ஈகிள் 90, ஈகிள் 70 என்று இரண்டு ரகம் விட்டார்கள். அதே உறுதியான பிடிப்பு. தகடு கிடையாது. இழுப்பது யார்? பழைய கம்பிதான்! பேட்டரி இல்லை, சார்ஜர் இல்லை. கம்பிக்குச் சமாதி கட்டிய கம்பெனியே ஆறு வருஷம் கழித்து அதைத் தோண்டி எடுத்து மாலை போட்டது.

செயின் இல்லாமல் ஜெயித்த வீரர்

ஆஸ்திரியா நாட்டில் லியோகாங் என்ற ஊர். 2015ல் அங்கே மலை இறக்க உலகக் கோப்பைப் பந்தயம். அமெரிக்க வீரர் ஆரன் க்வின் புறப்பட்ட மாத்திரத்தில் செயின் பட்டென்று அறுந்தது. கியரும் போச்சு, மிதியும் போச்சு. மனிதர் நிறுத்தவில்லை. ஒரு மிதி கூட மிதிக்காமல் வளைவுகளில் வேகம் குறையாமல் சாய்த்துச் சாய்த்து இறங்கினார். முதல் பரிசு அவருக்கே!

இது நடந்த கதை. எல்லாரும் செயினை அறுத்துவிட்டு ஓட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஏற்றத்துக்கு செயின் வேண்டும், கியரும் வேண்டும். ஆனால் மலையில் ஒருவனை வேகமாகக் கொண்டுபோவது டயரின் பிடிமானம், பிரேக், ஸ்பிரிங், அப்புறம் துணிச்சல். 600 டாலரில் நல்ல டயர் இரண்டு வாங்கலாம். பிரேக் கட்டை மாற்றலாம். ஸ்பிரிங்கைப் பிரித்து சர்வீஸ் பண்ணலாம். மிச்சமும் கையில் நிற்கும். முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

கியரில் உண்மையான புரட்சி நடந்தது 2012ல். முன்பக்கம் இருந்த இரண்டு மூன்று பல்சக்கரங்களைத் தூக்கிவிட்டு ஒன்றே ஒன்றை வைத்தார்கள். பின்னால் 11. பிறகு 2016ல் 12. இடது கை லீவர் ஒழிந்தது, அந்தப் பக்கத்துக் கம்பி ஒழிந்தது, செயின் கழன்று விழுகிற தொல்லையும் குறைந்தது. ஓட்டுகிறவர்களின் பாதிக் கவலை தீர்ந்தது. இதெல்லாம் கம்பியால் ஆன காரியம்.

பட்டனை யார் வாங்கலாம்? பந்தயத்தில் ஓடிப் பிழைக்கிறவர் வாங்கட்டும். அவருக்கு ஒரு விநாடியும் காசுதான். கட்டை விரல் மூட்டில் வலி உள்ளவர் அவசியம் வாங்கலாம். பெரிய பல்சக்கரத்துக்குப் போக கம்பி லீவரை அழுத்தித் தள்ள வேண்டும். பட்டனுக்கு ஒரு தொடல் போதும். மூட்டுவாதத்தால் சைக்கிளையே விட்டுவிட இருந்தவருக்கு 600 டாலர் பெரிதில்லை. அவர்களுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுக்கிறவர்? பாறையில் மோதி டீரெய்லர் உடைந்தால் கம்பி ரகத்துக்கு ஆகும் செலவைப் போல் பல மடங்கு எடுத்து வைக்க வேண்டும். அதையும் கூட்டிக்கொண்டு கணக்குப் போடட்டும்.

ரேடியோ திருட்டு

இன்னொரு சமாசாரம். 2024ல் அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வேலை செய்து காட்டினார்கள். சாலைப் பந்தய சைக்கிளில் உள்ள ஷிமானோ கம்பியில்லா கியரின் ரேடியோ உத்தரவைப் பிடித்துப் பதிவு செய்தார்கள். பிறகு 10 மீட்டர் தள்ளி நின்று அதையே திரும்ப ஒலிபரப்பினார்கள். கியர் தானாக மாறியது! மாறவே விடாமல் முடக்கவும் முடிந்தது.

ஷிமானோ கம்பெனி அந்த ஆராய்ச்சிக்காரர்களோடு சேர்ந்து ஓட்டையை அடைக்க வழி செய்தது. சைக்கிளுக்கு சாப்ட்வேர் திருத்தம் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவரின் கியரை எவனும் மெனக்கெட்டுத் திருடப் போவதில்லை. ஆனாலும் பாருங்கள், ஒரு சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டால் போதும் என்றிருந்த காலம் போய், கியரின் ரேடியோவுக்கும் பூட்டுப் போடுகிற காலம் வந்துவிட்டது.

உனக்கென்னய்யா?

"காசு உள்ளவன் வாங்குறான், உனக்கென்னய்யா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்குகிறவன் வாங்கட்டும். வேண்டாம் என்கிறவனுக்கும் வழி இருக்க வேண்டாமா? அந்த வழியைத்தான் அடைக்கிறார்கள்.

2018ல் ஷிமானோ விட்ட உயர்ந்த ரக எக்ஸ்.டி.ஆர். கம்பியில்தான் ஓடியது. 2025ல் வந்த எக்ஸ்.டி.ஆரில் கம்பிக்கு இடமே இல்லை. பட்டன் மட்டும். உயர்ந்த சாமான் வேண்டும், பேட்டரி வேண்டாம் என்கிற ஆள் எங்கே போவார்?

சாமானை விடுங்கள். சட்டத்துக்கு வருவோம்.

மலை சைக்கிள் பிறந்தது கலிபோர்னியாவில், டமால்பைஸ் மலைப் பக்கம். 1976ல் அங்கே சில வாலிபர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, யார் முதலில் கீழே வருவது என்று பந்தயம் வைத்தார்கள். மிதியைப் பின்னால் அழுத்தினால் பிடிக்கிற பிரேக். இறங்கி வருவதற்குள் அதில் இருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. தாங்களே ரிப்பேர் பார்த்துக்கொண்டு ஓட்டிய கூட்டம் அது.

1981ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற மலை சைக்கிளை ஜப்பானில் செய்து வாங்கி விற்றது. 15 கியர். எல்லாம் கம்பி. விலை 750 டாலர். பட்டறையில் ஒன்றிரண்டாகச் செய்துகொண்டிருந்த வண்டி அதற்கப்புறம்தான் கடைக் கடையாக வந்தது.

அதே பெயரில் 2024ல் புது ஸ்டம்ப்ஜம்பர் வந்தது. கார்பன் சட்டம். அதில் கியர் கம்பி நுழைய ஒரு துவாரம் கூடக் கிடையாது. வாங்கினால் கம்பியில்லா கியர்தான் மாட்ட வேண்டும். சில டாலர் பெறுகிற கம்பியை மாட்டிக்கொள்கிறேன் என்று காலில் விழுந்தாலும் முடியாது.

ஓட்டுகிறவர்கள் பலர் சத்தம் போட்டார்கள். அடுத்து 2025ல் அதே வண்டி அலுமினியச் சட்டத்தில் வந்தது. விலை குறைவு. கம்பிக்குத் துவாரம் இருக்கிறது. மட்ட விலை வண்டி வாங்குகிறவர் கம்பியும் போடலாம், பட்டனும் போடலாம். காசைக் கொட்டி கார்பன் வண்டி வாங்கினவருக்குத்தான் அந்தத் துவாரம் கிடையாது!