தேடுகிற கால் இடறினால்

அருள்புரத்துப் பனியன் ஆலைகளுக்கு நடுவே இருந்துகொண்டு கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். உதகையிலும் கொடைக்கானலிலும் கோவையிலும் அதற்குத் திடல்கள் உண்டு. நம்மில் பலர் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆயினும் நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஆட்டத்தையன்று, அதன் விதிகளுள் ஒன்றை.

அடித்த பந்து நெடும்புல்லில் சென்று மறைகிறது. ஆடுபவர் தேடுகிறார். புல்லை விலக்கும்போது அவர் காலே பட்டுப் பந்து நகர்ந்துவிடுகிறது. 2019-க்கு முன்பு இதற்குப் பெரும்பாலும் ஓர் அடி தண்டம். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் ஆட்டத்தில் ஓர் அடி சிறிதன்று. ஆனால் பார்வையாளர் ஒருவர் கால் பட்டு நகர்ந்தால் தண்டமில்லை! தம் பந்தைத் தாமே முனைந்து தேடுபவர்க்கு இடர். ஒதுங்கி நின்று பிறரைத் தேடவிடுபவர்க்கு நலம். இஃது என்ன நீதி?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸிலுள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் 2019-இல் இதனைத் திருத்தின. தேடும்போது தற்செயலாகப் பந்தை நகர்த்தினால், நகர்த்தியவர் எவராயினும், தண்டமில்லை. தேடும் நேரத்தையும் அதே திருத்தத்தில் 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைத்தனர். விரைந்து தேடு என்று சொல்லிவிட்டு, இடறியதற்கு ஒறுப்பது எங்ஙனம் பொருந்தும்?

தண்டம் நீங்கியதேயன்றிக் கடமை நீங்கவில்லை என்பதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். நகர்ந்த பந்தை முன்பிருந்த இடத்தில் மீண்டும் வைத்தாக வேண்டும். வைக்காமல் அடித்தால், அடிகளை எண்ணும் போட்டியில் இரண்டு அடி தண்டம். இருவர் எதிரெதிர் ஆடும் போட்டியில் அந்தக் குழியே தோல்வி. தேடலென்று கூறிக்கொண்டு பொறுப்பின்றி உதைத்து நடப்பவர்க்கும் இவ்விதியில் புகலிடமில்லை.

நம் கல்விக்கூடங்களிலும் தொழிற்கூடங்களிலும் நடப்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குவோம். பழைய கோப்பொன்றைத் தேடும்போது அடுக்கு கலைந்துவிட்டால், "கலைத்தவர் யார்?" என்பதே முதல் வினா. எப்படித் திரும்ப அடுக்குவது என்பது மாலையில்தான் நினைவுக்கு வரும். அதற்குள் ஒருவர் தலை குனிந்திருப்பார். வகுப்பில் விடை தேடித் தடுமாறிய மாணவனைப் பலர் முன் நகையாடினால் மறுநாள் அவன் வாய் திறப்பதில்லை. வாளாவிருந்தவனுக்கோ யாதொரு குறையுமில்லை. முயற்சியில் நேர்ந்த பிழையையும் அலட்சியத்தையும் ஒரே கோலால் அளக்கும் இவ்வழக்கத்தை நிருவாகப் பொறுப்பிலுள்ள பெரியோர் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறோம்.

ஒன்று கேட்கலாம்: தண்டமில்லையென்றால் ஏமாற்றமாட்டார்களா? புதர்மறைவில் பந்து நகர்ந்ததை நடுவர் காண்பதரிது. ஆடுபவரே சொன்னால்தான் உண்டு. சொன்னால் ஓர் அடி போகும் என்ற நிலையில் மறைக்கத் தூண்டுதல் மிகுதி. இப்போது சொல்வதால் இழப்பில்லை. சொல்வதால் ஆதாயமுமில்லை, முன்பிருந்த இடம் சரியாகத் தெரியாவிடில் மதிப்பிட்டேனும் வைக்க வேண்டும். பந்து புல்லுக்கடியில் புதைந்து கிடந்ததென்றால், மேலே எடுத்து வசதியாக வைத்துக்கொள்ள இயலாது. மீண்டும் அப்புல்லுக்கடியிலேயே வைத்து, அங்கிருந்துதான் அடிக்க வேண்டும்.