ஒளியின் வாயிலுக்கு யார் இட்ட பூட்டு?

பூட்டென்றால் திண்டுக்கல் என்பதை நாடறியும். நகரைச் சூழ்ந்த சிற்றூர்ப் பட்டறைகளில் தகட்டை வெட்டி, உள்நெம்புகளை அரத்தால் இழைத்து, ஒரு பூட்டுக்கு ஒரே திறவுகோல் என்னும்படி கையாலேயே ஆக்கித் தரும் தொழில் அது. 2019-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அலிகாரிலிருந்து வந்து குவியும் விலைமலிந்த பூட்டுகளால் அக்கைத்தொழில் நலிந்தபின் கிடைத்த பட்டயம் அது; அதனைப் பிறிதொருகால் எழுதுவோம். இன்று நாம் எழுதப் புகுவது, திண்டுக்கல்லார் செய்யாத ஒரு பூட்டைப் பற்றி. அதைச் செய்தவர் தில்லியில் இருக்கின்றனர். அது தொங்குவதோ, திண்டுக்கல் சமவெளியில் தமிழ்வழி பயின்று இயற்பியலில் முதுகலை முடித்த நம் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே!

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், நடுவணரசின் மின்னணுவியல் அமைச்சகத்துப் பொருளுதவியோடு, மண்ணிய ஒளியனியலுக்கென்றே ஒரு நடுவம் இயங்கி வருகின்றது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் இத்துறை ஆய்வு நடைபெறுகின்றது. பெல்சியம் நாட்டுக் கெண்ட் பல்கலைக்கழகம் போன்ற அயல்நாட்டு ஆய்வகங்களும் இத்துறைக்கு முனைவர் பட்ட மாணவர்களைத் தேடிய வண்ணமே உள்ளன. ஆட்கள் வேண்டும் என்கின்றனர்; ஆட்கள் இங்கே இருக்கின்றனர். இடையில் என்ன தடை என்பதே நம் கேள்வி.

முதலில் அத்துறை இன்னதென்று அன்பர்கள் அறிதல் வேண்டும். மண்ணியம் என்பது சிலிக்கன், மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. கணிப்பொறியின் சில்லுகளெல்லாம் அதனாலேயே ஆனவை. அச்சில்லுகளுக்கிடையே செய்தி இன்று பெரும்பாலும் செம்புக் கம்பிகளின் வழியே மின்னாக ஓடுகின்றது. ஓட ஓடக் கம்பி சூடேறுகின்றது, விரைவும் ஓரெல்லையில் முட்டி நிற்கின்றது. மின்னுக்கு மாற்றாக ஒளியையே அச்சில்லின்மேல் ஓடவிட்டால் என்ன என்பதுதான் இத்துறையின் வினா. 1980களின் நடுவில் அமெரிக்க வான்படை ஆய்வகத்தைச் சார்ந்த ரிச்சர்டு சோரெஃப் இதற்கு அடிகோலினார். நம் கண்ணுக்கு மண்ணியம் ஒளிபுகாப் பொருள். ஆனால் ஒளியிழைச் செய்தித்தொடர்பில் பயன்படும் 1310, 1550 நானோமீட்டர் அலைநீளங்கொண்ட அகச்சிவப்பு ஒளிக்கு அது கண்ணாடி போன்றது. ஏறத்தாழ 220 நானோமீட்டர் உயரமும் 500 நானோமீட்டர் அகலமும் உடைய மண்ணியக் கீற்றொன்றைச் சில்லின்மேல் செதுக்கினால், ஒளி அதனுள் அடங்கி, வாய்க்காலில் நீர்போல் வளைந்து வளைந்து ஓடும். ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் இத்தகைய கீற்றுகள் நூற்றுக்கு மேல் அடங்கும்!

இடர்ப்பாடுகளும் உண்டு, அவை உள்ளமையாலன்றோ ஆய்வாளர் தேவைப்படுகின்றனர்! கீற்றின் விளிம்பு சற்றே சொரசொரத்தாலும் ஒளி சிதறி வீணாகும். பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நெம்பின் விளிம்பு பிசகினால் திறவுகோல் திரும்பாதென்பது அவர் கையறிந்த உண்மை. வெப்பநிலை ஒரு பாகை மாறினாலும் சில்லின் உறுப்புகள் தேர்ந்தெடுக்கும் அலைநீளம் இடம்பெயர்ந்து விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மண்ணியம் ஒளியை ஏந்திச் செல்லுமேயன்றித் தானே எளிதில் ஒளி உமிழாது. இண்டியம் பாசுபைடு போன்ற வேறு பொருளை அதனோடு ஒட்டவைத்தே சீரொளி பெறவேண்டியுள்ளது. 2004-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரும் 2005-இல் இன்டெல் நிறுவனத்தாரும் மண்ணியத்திலேயே சீரொளி எழச்செய்தனர். வெளியிலிருந்து ஒளியூட்டித்தான் அதனைச் செய்ய முடிந்தது. அதற்கு அவர்கள் கைக்கொண்டது யாருடைய கண்டுபிடிப்பை? திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர். சி.வி. இராமன் 1928-இல் கண்டறிந்த இராமன் விளைவை!

ஒளியாய்வு திண்டுக்கல் மண்ணுக்கும் புதியதன்று. இம்மாவட்டத்துக் கோடைக்கானல் மலைமேலுள்ள கதிரவ ஆய்வகத்தில்தான் 1909-இல் சான் எவர்செட் என்னும் ஆங்கிலேயர், ஒளியின் நிறமாலையைப் பகுத்து, கதிரவனின் கரும்புள்ளிகளில் வளி வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகம் இன்றும் அதனை எவர்செட் விளைவென்றே வழங்குகின்றது. மலையுச்சியில் நூறாண்டுகட்கு முன்பே ஒளியை அளந்த மாவட்டத்தில், மலையடிவாரத்துப் பிள்ளைகள் ஒளியாய்வின் வாயிலில் நின்று திரும்புகின்றனர்.

வேடசந்தூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தியைச் சென்ற ஆண்டு கண்டோம். தாய் நூற்பாலைத் தொழிலாளி. பள்ளி முழுதும் தமிழ்வழி, கல்லூரியில் இயற்பியல், முதுகலையில் உயர்வகுப்பு. ஆய்வு மாணவர் சேர்க்கைக்கான நேர்காணல் ஒன்றுக்குச் சென்று வந்திருந்தாள். ஒளியிழையினுள் சென்ற ஒளி ஏன் பக்கவாட்டில் கசிவதில்லை என ஆங்கிலத்திற் கேட்டனராம். வினா விளங்கிற்று, விடையும் தெரியும், வாய்தான் எழவில்லை. எங்களிடம் தமிழில் சொன்னாள்: அடர்ந்த ஊடகத்திலிருந்து அடர்வு குறைந்த ஊடகத்தின் எல்லையைத் தொடும் ஒளி, ஓர் அளவுக்குமேல் சாய்ந்து விழுமாயின், வெளியேறாது முழுதும் உள்ளேயே திரும்பும், மண்ணியத்துக்கும் அதனைச் சூழ்ந்த மணற்கண்ணாடிக்கும் ஒளிவிலகல் எண்ணில் வேறுபாடு மிகப்பெரிதாகையால், அங்கே கீற்று மிக நெருங்கி வளைந்தாலும் ஒளி பெரிதும் தப்புவதில்லை என்று, கேளாத விடையையும் சேர்த்துச் சொன்னாள். ஒன்று ஏறத்தாழ மூன்றரை, மற்றொன்று ஏறத்தாழ ஒன்றரை என எண்களையும் உரைத்தாள். இப்பெண்ணுக்கு இயற்பியல் தெரியாதென்று முடிவு செய்த அவைக்குத் தெரியாதது எது? இன்று அவள் தன் தாய் பணியாற்றும் ஆலையின் அலுவலகத்தில் கணக்கெழுதுகின்றாள்.

நேர்காணல் வரை போனது அவளுடைய திறம். பலர் அதற்கும் முன்பே நின்றுவிடுகின்றனர். அறிவியல் ஆய்வுக்கான உதவித்தொகை பெற, அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமும் பல்கலைக்கழக நல்கைக்குழுவும் இணைந்த ‘நெட்’ தேர்வை எழுதவேண்டும். வெற்றி பெற்றார்க்கு, 2023 சனவரி முதல் உயர்த்தப்பட்டபடி, முதலிரண்டு ஆண்டுகளில் திங்கட்கு 37,000 உருபா, பின்னர் 42,000. நூற்பாலைக் குடும்பத்துக்கு இத்தொகை என்னவென்று சொல்ல வேண்டுமா? 2024-25 கல்வியாண்டு முதல், முனைவர் பட்டச் சேர்க்கைக்கே ‘நெட்’ மதிப்பெண்ணைக் கொள்ளலாம் என்றும், உதவித்தொகைத் தகுதி பெறாதார்க்குத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 எனப் பகுத்துக் கொள்ளலாம் என்றும் நல்கைக்குழு அறிவித்துள்ளது. ஆக, வாயில் ஒன்றாகிவிட்டது. அவ்வாயிலில் வினாத்தாள் எம்மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! பொறியியல் ஆய்வுக்குரிய ‘கேட்’ தேர்வோ ஆங்கிலத்தில் மட்டுமே.

‘கேட்’ ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது எல்லார்க்கும் பொதுவான கொடுமை. அதனைக்கூட ஒருவாறு பொறுக்கலாம். ‘நெட்’ தேர்வில் நடப்பது அதுவன்று. பீகாரத்துச் சிற்றூரில் இந்திவழி பயின்ற இளைஞன் குவைய இயக்கவியல் வினாவைத் தன் தாய்மொழியிற் படிக்கிறான். நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் தமிழ்வழி பயின்ற இளைஞன் அதே வினாவை அயன்மொழியிற் படிக்கிறான். இருவர்க்கும் ஒரே நேரம், ஒரே மதிப்பெண் வரம்பு, ஒரே உதவித்தொகை. அவன்மேல் நமக்குப் பகையில்லை; அவனுக்குக் கிடைத்த உரிமை நம்மவனுக்கும் கிடைக்கவேண்டும் என்றே கேட்கிறோம்.

தமிழில் வினாத்தாள் எடுப்பது இயலாத செயலென்று சொல்வார்களேயானால், அவ்வாறு சொல்ல அவர்கட்குத் தகுதியில்லை. இந்த ‘நெட்’ தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. அதே முகமைதான் மருத்துவ நுழைவுத் தேர்வைத் தமிழில் நடத்துகின்றது. 2021 முதல் பொறியியல் முதன்மை நுழைவுத் தேர்வையும் தமிழில் நடத்துகின்றது. மாடியேறுபவனுக்கு முதற்படியில் தமிழ். மேற்படியில் தமிழ் இல்லை! இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் இளநிலை சேர எழுதவேண்டிய இரண்டாங்கட்டத் தேர்வும் ஆங்கிலம், இந்தி என்னும் இரண்டோடே நிற்கின்றது.

தமிழில் கேட்கிறோம் என்பதற்காக எந்தத் தமிழையும் ஏற்றுக்கொள்ள முடியாது. 2018-ஆம் ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டன என வழக்குத் தொடுக்கப்பட்டு, 196 மதிப்பெண் கூட்டி வழங்குமாறு உயர்நயமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதும், அவ்வாண்டே உச்சநயமன்றம் அதனைத் தள்ளியதும் அன்பர்கள் நினைவில் இருக்கும். பிழை செய்தது தேர்வு நடத்தியவர், இழப்பு மாணவர்க்கு. எனவே வினாத்தாளைத் தமிழாக்குவோர் இயற்பியலும் தமிழும் ஒருங்கே கற்றவராக இருத்தல் வேண்டும்.

“ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில்தானே எழுதவேண்டும்? தமிழில் தேர்வெழுதி என்ன பயன்?” என்று நம்முள்ளேயே சிலர் கேட்கின்றனர். 2008-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற சப்பானியர் தொசிகிதே மசுக்காவா, அப்பரிசுக்குரிய பேருரையைச் சப்பானிய மொழியிலேயே நிகழ்த்தினார். தமக்கு ஆங்கிலம் பேச வராதென்பதை அவர் மறைக்கவில்லை. அவருக்கு அப்பரிசைப் பெற்றுத் தந்த, கொபயாசியோடு சேர்ந்து 1973-இல் வெளியிட்ட கட்டுரை ஆங்கிலத்தில்தான் உள்ளது. கட்டுரை எழுதும் அளவுக்கு ஆங்கிலத்தை ஆய்வுக்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். நான்கைந்து ஆண்டுகள் அதற்குப் போதும். நாம் ஆங்கிலத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. அதனை அறிவுக்கு அளவுகோலாக வாயிலில் நிறுத்தாதீர் என்றே சொல்கிறோம்.

சென்னைக் கழகத்தார் மண்ணிய ஒளியனியற் சில்லொன்றைக் கொண்டு, முன்னறிய முடியாத எண்களை ஒளியிலிருந்தே பெறும் கருவியொன்றை ஆக்கி, அந்நுட்பத்தை 2025-இல் தொழில்நிறுவனம் ஒன்றுக்கு வழங்கினர். அவ்வெண்கள் எதற்கு? செய்திகளைப் பிறர் படிக்கவொண்ணாதபடி மூடும் மறைகுறிக்குத் திறவுகோலாக! ஆம், இனிவரும் காலத்தின் பூட்டும் திறவுகோலும் இச்சில்லிலிருந்தே பிறக்கவுள்ளன. சில்லுகளை வார்ப்பதற்கு அக்கழகம் கைகோத்திருக்கும் சில்டெர்ரா வார்ப்பகம் மலேசியாவின் கெடா மாநிலத்துக் குலிமில் உள்ளது. கெடா என்பது இராசேந்திர சோழனின் படை கப்பலேறிச் சென்ற கடாரம். கடாரம் வரை போகத் தெரிந்த தொழில்நுட்பத்துக்குத் திண்டுக்கல் வரை வரத் தெரியவில்லை.

நம் குற்றத்தையும் மறைப்பதற்கில்லை. போட்டானுக்கு ஒளியன் என்றோம், ஒளியணு என்றோம், ஒளிமம் என்றோம், ஒளித்துகள் என்றோம். எது சிறந்ததென்று பக்கம் பக்கமாய் வழக்காடினோம். அவ்வழக்கில் இவ்விதழுக்கும் பங்குண்டு. அரசுப் பாடநூலோ இன்னும் ‘ஃபோட்டான்’ என்றே எழுதுகின்றது. நான்கு சொற்களை ஆக்கிய நாம், அவற்றுள் ஒன்றையேனும் பயன்படுத்தி முதுகலை மாணவர் படிக்கத்தக்க ஒளியனியல் நூலொன்றை எழுதினோமா? 1960களிலும் 70களிலும் தமிழ்நாட்டரசு கல்லூரிப் பாடநூல்களைப் பலநூறு வெளியிட்டது. அவ்வழி தொடர்ந்து செப்பனிடப்படவில்லை. 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழி கற்பிக்கின்றது. 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் கைவிட்டது. படிக்க நூலில்லாத வகுப்பில் யார் சேர்வார் என்று கேட்டால் நம்மிடம் விடையில்லை.

ஆகவே, தேசியத் தேர்வு முகமைக்கும் நல்கைக்குழுவுக்கும் தமிழ்நாட்டரசு எழுத வேண்டியதை அரசு எழுதட்டும். நாம் எழுத வேண்டியதை நாம் எழுதுவோம். ஒளியிழை, அலைநடத்தி, சீரொளி, ஒத்ததிர்வு வளையம் ஆகிய நான்கு தலைப்புகளில், முதுகலை முதலாண்டு மாணவர்க்கு விளங்கும் அளவில், கணக்குகளோடு கூடிய சிறுநூல்கள் நான்கு வேண்டும். காந்திகிராமத்திலும், திண்டுக்கல் எம்.வி. முத்தையா அரசு மகளிர் கல்லூரியிலும், பழனி அருள்மிகு பழனியாண்டவர் கல்லூரியிலும் இயற்பியல் கற்பிக்கும், கற்பித்து ஓய்வுபெற்ற அன்பர்களுள் எழுத இயன்றோர் தம் பெயரையும் எடுத்துக்கொள்ளும் தலைப்பையும் அஞ்சலட்டையில் நமக்குத் தெரிவிக்கலாம். போட்டானுக்கு எச்சொல்லை ஆள்வதென்பதை எழுதுவோரே முடிவு செய்துகொள்க; இவ்விதழ் அதன்பொருட்டு ஒரு வரியும் எழுதாது. முதற்படி வேடசந்தூருக்குப் போகும்.