வீட்டை வாங்கினோம்... ஊரை?



‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்றார்கள் நம் பெரியவர்கள். ஆனால் புது வீட்டுக்குக் குடிபோன பிறகு என்ன பாடு என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சோழவரம் பக்கத்தில் ஒரு புது நகரில் மூன்று வருடமாகக் குடியிருக்கும் நான் அதைச் சொல்கிறேன்.

எங்கப்பா கொத்தனார். இருபத்தைந்து வருடம் அடுத்தவர்களுக்கு வீடு கட்டியவர். நாங்கள் இருந்ததோ வியாசர்பாடியில் ஒற்றை அறை வாடகை வீடு. “நீயே கொத்தனார், நீயே கட்டிக்க வேண்டியதுதானே?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வேலைக்குப் போகாமல் சொந்த வீடு கட்டினால் அடுப்பு எப்படி எரியும்? அதனால்தான் கட்டி விற்கும் வீடாக வாங்கினோம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்யும் அம்மாவின் சம்பளச் சீட்டைக் காட்டிக் கடன் வாங்கினோம். பத்திரச் செலவுக்கு அம்மாவின் வளையல் போனது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்றால் சும்மாவா?

வாங்கும் முன் அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார். பூச்சைச் சுரண்டிப் பார்த்தார். “கலவை நல்லாத்தான் இருக்கு” என்றார். ஆனால் காகிதத்தைத் தட்டிப் பார்க்க அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அப்போது நானும் பத்தாம் வகுப்புதான்!

ஒரு காலத்தில் சென்னைவாசிகளுக்குச் சோழவரம் என்றால் கார் பந்தயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் அந்தப் பந்தயங்கள் நடந்தன. இன்று சோழவரம் என்றால் மனை, வில்லா, கலர் நோட்டீஸ். ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று எங்கள் நோட்டீசிலும் போட்டிருந்தது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போகிறது. சோழவரத்தை அது தொடுவதே இல்லை. எங்களுக்கு ஜி.என்.டி. ரோடுதான் கதி. அப்பா விடியற்காலை நாலரைக்கு எழுந்து, செங்குன்றத்தில் பஸ் மாறி வேலைக்குப் போகிறார். அம்மா அம்பத்தூருக்கு. இரவு எட்டு மணிக்கு மேல்தான் எங்கள் தெருவில் விளக்கு எரியும். பகலில் பூட்டுகள் மட்டுமே குடியிருக்கும்.

தண்ணீர்க் கதையையும் கேளுங்கள். எங்கள் தெருவிலிருந்து நடந்தால் சோழவரம் ஏரிக்கரை. 1,081 மில்லியன் கன அடி கொள்ளளவு. தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி இங்கே கொண்டு வருகிறார்கள். இங்கிருந்து புழல் ஏரிக்குப் போய், சென்னைக்குக் குடிநீராகிறது. வியாசர்பாடியில் குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்தது இந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான்! அதன் கரைக்கே குடிவந்த பிறகு கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். எங்கள் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது.

இதெல்லாம் எல்லாப் புது நகரிலும் உள்ளதுதானே என்பீர்கள். உண்மைதான். என்னை எழுத வைத்தது வேறு ஒன்று.

இரண்டாம் ஆண்டில் வரைபடம் படிக்கப் பழகியதும், வீட்டுப் பத்திரத்தோடு இருந்த மனை வரைபடத்தை எடுத்து விரித்தேன். எங்கள் தெருக்கோடியில் ‘பூங்கா’ என்று போட்டிருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் கம்பி வேலி. ‘மனை விற்பனைக்கு’ என்று பலகை வேறு! 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இது விதி. எங்கள் மனைப்பிரிவு அதைவிடப் பெரியது. வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. “சுவரைப் பார்த்தேன்டா, இதைப் பார்க்கலையே” என்றார்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு இருவரும் போனோம். அப்பா எழுந்து நின்று, பழக்கமில்லாத குரலில் பூங்காவைப் பற்றிக் கேட்டார். பின்னால் ஒரு பெரியவர், “ஐயா, உங்க ஓட்டு இந்த ஊர்லயா இருக்கு?” என்று கேட்டார். அப்பா வாயடைத்துப் போனார். எங்கள் ஓட்டு வியாசர்பாடியில். ரேஷன் கார்டும் அங்கேதான். கிராம சபை என்பது அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சபை. 1992-ல் வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தமே அப்படித்தான் சொல்கிறது.

பெரியவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்ததும் அவரே என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நீங்க வீடு கட்டின இடத்துல நாங்க நாத்து நட்டோம். மூணு வருஷமா இருக்கீங்க, ஒருத்தரும் வந்து பேரு சொல்லலையேப்பா” என்றார். கோபம் போய் வெட்கம் வந்தது. அவர்களை நாங்கள் ‘ஊர்க்காரங்க’ என்கிறோம். எங்களை அவர்கள் ‘நகர்க்காரங்க’ என்கிறார்கள். நடுவில் ஒரு ரோடுதான். அதைத் தாண்ட எங்களுக்கு மூன்று வருடம் ஆயிற்று!

வாங்கியவன் ஏமாளி, விற்றவன் கெட்டிக்காரன் என்று விட்டுவிடலாமா? கூடாது. 2016-ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் விற்றவரே சரிசெய்து தர வேண்டும். சட்டம் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

“சொந்த வீடு கிடைச்சதே பெரிசு, இதுல பூங்கா ஒரு கேடா?” என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். மழைக்கு ஒழுகாத கூரையின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் சாயந்திரம் ஒரு குழந்தை விளையாட இடமில்லாமல், வயதானவர் உட்கார ஒரு திண்ணை இல்லாமல் இருந்தால் அது ஊரா, இல்லை சாமான் போட்டு வைக்கும் கிடங்கா? வீட்டை விற்பவர் விற்கலாம். ஊரை யாரும் விற்க முடியாது. அதைக் குடியிருப்பவர்கள்தான் உண்டாக்க வேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நாளைக்கு நம் அப்பாவோ அண்ணனோ ஒரு நோட்டீசைக் கொண்டு வந்து காட்டுவார்கள். அன்றைக்கு மூன்று காரியம் செய்யுங்கள். அங்கீகரித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தை நடந்து பாருங்கள். வில்லங்கச் சான்று வாங்கிப் படித்துக் காட்டுங்கள். குடிபோன மாதமே படிவம் 8 கொடுத்து ஓட்டைப் புது முகவரிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

எங்கள் பூங்கா இன்னும் கிடைக்கவில்லை. மனு கொடுத்திருக்கிறோம். மனுவில் முதல் கையெழுத்து அந்தப் பெரியவருடையது. அப்பாவும் அம்மாவும் படிவம் 8 கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் படிவம் 6 கொடுத்தேன். போன மாதம் அடையாள அட்டை வந்தது. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். இந்த ஊரில் முதலில் ஓட்டு வாங்கியவனும் நான்தான்.

அடுத்த கிராம சபையில் அதே கேள்வியை யாராவது கேட்கட்டும். பதில் என் சட்டைப் பையில் இருக்கிறது!

— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு