பெயருக்கு முந்திய வேலை

செய்முறைத் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் நாம் ஒருவரையொருவர் கேட்கும் முதற்கேள்வி, "ஸ்பாட்டருக்குப் பெயர் சரியாக எழுதினாயா?" என்பதே. அடையாளக் காரணங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இது தலைகீழான வழக்கம் என்பது எனக்கு அண்மையில்தான் உறைத்தது. உறைக்க வைத்ததும் ஒரு சிற்றுயிரே.

கருங்கடலையொட்டிய அப்காசியாவில் குருபேரா-வரோன்யா என்றொரு குகை உள்ளது. அதன் ஆழம் 2,000 மீட்டருக்கும் மேல். 2010-இல் அதனுள் இறங்கிய குழுவினருக்கு 1,980 மீட்டர் ஆழத்தில் கண்ணே இல்லாத ஓர் உயிர் கிடைத்தது. அது ஸ்பிரிங்டெயில் வகை. இவ்வகையில் பெரும்பாலானவை வயிற்றின் அடியில் கவட்டை போன்ற உறுப்பொன்றை மடித்து மாட்டி வைத்திருக்கும். ஆபத்து வந்தால் அதை விடுவித்துத் துள்ளும். ஆறு கால் இருந்தும் அறிஞர் பலர் இன்று இவற்றைப் பூச்சிகளோடு சேர்ப்பதில்லை.

அவ்வளவு ஆழத்தில் நிலவாழ் கணுக்காலி எதுவும் அதற்கு முன் அறியப்பட்டதில்லை. செய்தி வெளியானபோது எல்லோரும் வியந்தது அந்த ஆழத்தைத்தான். நான் வியப்பது, குகையிலிருந்து வந்த உயிர் 2012-இல் அச்சில் பெயர் பெறும் வரை நடந்த வேலையை! ஸ்பெயின் நாட்டு நவார்ரா பல்கலைக்கழகத்து ஹோர்தானா, பக்கேரோ இருவரும் அதை விவரித்தனர். விவரிப்பது என்றால் என்ன? சில மில்லிமீட்டர் உடலைத் தெளிய வைத்துச் சில்லில் ஏற்ற வேண்டும். எந்தக் கண்டத்தில் எத்தனை மயிர், நகத்தில் எத்தனை பல் என்று எண்ணி வரைய வேண்டும். அதே பேரினத்தில் முன்னோர் விவரித்தவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பிறர் சரிபார்க்க ஒன்றை மூலமாதிரி எனக் குறித்துப் பாதுகாக்கவும் வேண்டும். பெயர் இதற்கெல்லாம் பின்புதான். புளூட்டோமூரஸ் ஒர்த்தோபலகனென்சிஸ் என்பது அப்பெயர். குகை இருக்கும் ஒர்த்தோபலகன் பள்ளத்தாக்கு அதில் ஒலிக்கிறது. (வேடிக்கை என்னவென்றால், 'மிக ஆழமானது' என்று பொருள்படும் பெயர், அதே குகையில் கிடைத்த வேறொரு புதிய இனத்துக்குப் போய்விட்டது!)

"இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்றான் விடுதி நண்பன். விவரிக்கப்படாத உயிரைப் பற்றி இருவர் பேசினால், இருவரும் ஒன்றைத்தான் பேசுகிறார்களா என்பதே தெரியாது. அது எதைத் தின்கிறது, எங்கெல்லாம் வாழ்கிறது என்ற கேள்விகளுக்கு அப்புறம் ஏது இடம்? மயிர் எண்ணுவதை எழுத்தர் வேலை என்று இகழ்பவர்களை என்னால் ஏற்க இயலவில்லை.

ஸ்பிரிங்டெயிலைக் காணக் காக்கசஸ் போக வேண்டியதில்லை. நம் கல்லூரி வேப்பமரத்தடியில், மழைக்குப்பின் ஈரச் சருகைப் புரட்டினாலே துள்ளும். அவற்றுக்கு என்ன பெயர் என்று நம்மில் எவருக்கும் தெரியாது. ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: தேர்வு முடிந்ததும் பூட்டப்படும் நுண்ணோக்கிகளுள் இரண்டையேனும், வாரம் ஒரு மாலை எங்களுக்குத் திறந்து விடுங்கள். மதிப்பெண் வேண்டாம், சருகு நாங்களே கொண்டு வருகிறோம்.